எஸ்தர் டீச்சரின் சைக்கிளும் என் பரீட்சையும்

சென்ற வியாழக்கிழமை மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளி ஆயா வாசலில் வந்து நின்று, “எஸ்தர் டீச்சரு பூட்டாங்கம்மா” என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி அவர் என்னைக் கேட்கமாட்டார் என்ற நிம்மதிதான் வந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செங்கல்பட்டில் எங்கள் பெண்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்தவர், சைக்கிள் கற்றுக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்குத் தனியாக ஓட்டிப் போகப்போவதாக எல்லோரிடமும் அறிவித்தார். ஆசிரியர் அறையே சிரித்தது. புடவை கட்டிய டீச்சருக்கு இதென்ன ஆசை என்று நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் இப்படித் தம்பட்டம் அடிக்கிறீர்கள் என்று நான் கேட்டதற்கு, “நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான் வெக்கத்துக்காவது செய்வேன். நீங்களும் ஒண்ணு சொல்லுங்க டீச்சர்” என்று மடக்கினார். வாய் சும்மா இருக்கக் கூடாதா? இண்டர்மீடியட் பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதப்போகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

பள்ளி விட்டதும் மைதானத்தில் வாடகை சைக்கிளோடு மல்லுக்கட்டுவார். விழுவார், புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பார். முதல் தடவை திருக்கழுக்குன்றம் வரைதான் போக முடிந்தது. சங்கிலி அறுந்து, சைக்கிளைப் பஸ்ஸின் மேலே போட்டுக்கொண்டு திரும்பினார். நானாயிருந்தால் கடலில் காலை நனைத்தேன் என்று கதை அளந்திருப்பேன். அவரோ பாதியில் திரும்பியதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருஷம் போயே வந்துவிட்டார். உடனே, அடுத்தது நீச்சல் என்றார்.

ஒவ்வொரு ஜூன் மாதமும், “எதுவரிக்கும் படிச்சிருக்கீங்க டீச்சர்?” என்று கேட்பார். அதில் குத்தல் கிடையாது, அக்கறைதான். அதனாலேயே தாங்க முடியாமல் கண்டும் காணாதவள் போல நழுவுவேன். வாங்கிய புத்தகங்களுக்கு அட்டை போட்டதோடு சரி.

பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. வீட்டில் படுத்திருந்தவரைப் போன மாதம் பார்க்கப் போனேன். பாயில் கிடந்தபடியே அதையே கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நோயாளியின் மனம் குளிரட்டும் என்றுதான் சொன்னதாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்.

வியாழக்கிழமை அவர் வீட்டில் நல்ல கூட்டம். என்னைக் கண்டதும் அவருடைய தாயார் அழுகையை அடக்கிக்கொண்டு, சுற்றியிருந்த பெண்களிடம், “இண்டரு பரிச்ச எழுதிக்கீறாங்களே, அந்த டீச்சரு இவங்கதான். எம் பொண்ணு இத்த சொல்லிச் சொல்லி சந்தோசப்பட்டுகினு இருந்துச்சு” என்றார். பெண்கள் நகர்ந்து, தலைமாட்டில் எனக்கு இடம் விட்டார்கள்.

நான் போய் உட்கார்ந்தேன். எடுக்கும்வரை அங்கேயே இருந்தேன். அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

போய் வாருங்கள், டீச்சர். அந்தப் பரீட்சையை நான் எழுதவில்லை.