வார்துஷின் மூன்று நாட்கள்

வார்துஷ் இரண்டு லவாஷ் ரொட்டிகளைப் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டித் தின்றுவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டினால், மறுநாள் வேலைக்கு வரமாட்டாள். பதினோரு வருஷமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்து மாவு தேய்க்கும் நாஸெலி இதைக் கவனித்து வைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. நாஸெலிக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

அந்தப் பசி வந்த மறுநாள் காய்ச்சல் அடிக்கும். வயிறு பலகை போல இறுகிவிடும். மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாம் விட்டுப்போகும். நான்காம் நாள் காலையில், ஒன்றுமே நடக்காதவள் போல வார்துஷ் குழியடுப்பின் விளிம்பில் மண்டியிட்டு, கைப்பிடி வைத்த சின்ன மெத்தையில் விரித்த மாவை அடுப்பின் உட்சுவரில் அறைந்துகொண்டிருப்பாள். பாட்டு வேறு. அஷ்தராக் ஊரில் தெருவுக்கு ஒருவருக்காவது இருக்கும், பரம்பரையாக வரும் முறைக்காய்ச்சல்தான். சின்ன வயதில் அது என்னவென்று தெரியாமல் அவளுக்குக் குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"தப்பான ஆளைப் புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. குத்தவாளி இன்னும் வெளியதான் திரியறான்" என்று தழும்பைத் தடவிக்கொண்டே சொல்வாள்.

கல்யாண ஆர்டர் வரும் வாரமாகப் பார்த்துத்தான் அவள் படுப்பாள். அடுப்பின் சொந்தக்காரி மாரோ அவளுக்கு 'மூணு நாள் மகாராணி' என்று பேர் வைத்திருந்தாள்.

டாக்டர் தினமும் போடச் சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார். அது வயிற்றைக் கலக்கியது. மாவு அறையும் நேரத்தில் எழுந்து ஓடவா முடியும்? அதனால் காய்ச்சல் வந்தால் மட்டும் போட்டுக்கொள்வாள். வீடு எரியும்போதுதானே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவள் கணக்கு. அடுப்படியில் இருந்த எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

போன வருஷத்துக்கு முந்திய வருஷம் மார்ச்சில் ஒருநாள், கொல்லைப்புறம் போய்த் திரும்பிய வார்துஷ், கொஞ்ச நாளாகத் தன் சிறுநீர் பீர் ஊற்றியது போல நுரைக்கிறது, கடை போட்டால் நன்றாக ஓடும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாஸெலியின் உருளைக்கட்டை மட்டும் நின்றுவிட்டது.

அவளுடைய தாய்மாமனுக்கும் இதே காய்ச்சல். அவரும் ஒருநாள் நுரையைப் பற்றிச் சொன்னார். பிறகு கால் வீங்கியது. இரண்டே வருஷத்தில் சிறுநீரகம் போய், ஐம்பது வயதைக் காணாமலே போய்ச் சேர்ந்தார். நாஸெலி மெதுவாக வார்துஷின் காலைப் பார்த்தாள். காலையில் கழற்றிய காலுறை அழுத்திய பள்ளம் மத்தியானம் வரை நிரம்பவில்லை.

எப்படிச் சொல்வது என்று நாலு நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். சனிக்கிழமை வேலை முடிந்து எல்லோரும் போகும்போது வார்துஷை மட்டும் இருக்கச் சொன்னாள். சாம்பலுக்குள் நாலைந்து உருளைக்கிழங்குகளைப் புதைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டாள்.

"அடுப்பு அணைஞ்சுதானே இருக்குக்கா?"

"மத்தியானமே அணைஞ்சிருச்சே."

நாஸெலி ஒரு கிழங்கை இடுக்கியால் எடுத்து வார்துஷ் சுதாரிக்கும் முன் அவள் கையில் வைத்தாள். வார்துஷ் துள்ளிப்போய் அதை இந்தக் கையிலும் அந்தக் கையிலுமாக மாற்றினாள்.

"சாம்பலுக்கு அடியில தணல் கெடக்கும்னு எனக்குத் தெரியாதாடி? இருவது வருஷமா இதுலதான் வேகறேன்."

"அடுப்பப் பத்தித் தெரியுது. ஒங்க வயித்தப் பத்தித்தான் தெரியல. காய்ச்சல் இல்லாத நாள்லயும் உள்ள இது மாதிரிதான் தணல் கெடக்கு. எங்க மாமாவுக்குச் சிறுநீரகம் அப்படித்தான் வெந்துபோச்சு. அவருக்கும் நுரைச்சுது."

பதினோரு வருஷத்தில் நாஸெலி ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. 

"வாயே தொறக்காதவ தொறந்தா இப்படியா தொறப்ப?" என்றாள் வார்துஷ். பிறகு கிழங்கை உரித்துத் தின்றாள். திங்கட்கிழமை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள்.

சிறுநீரில் புரதம் நிறைய இறங்கியிருந்தது. காய்ச்சல் விட்டாலும் அழற்சி முழுசாக விடுவதில்லை என்றார் டாக்டர். உடம்பு அதற்காகச் சுரக்கும் ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்தில் வண்டலாகப் படிகிறது. மாத்திரை காய்ச்சலுக்கு மட்டுமல்ல, அந்த வண்டலைத் தடுக்கவும்தான். வயிறு கலங்காமலிருக்க மாத்திரையைக் காலை, இரவு என்று பிரித்துக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்குப் பாலும் பாலாடைக்கட்டியும் வேண்டாம் என்றார். அதற்குச் செத்தே போகலாமே என்று வார்துஷ் முனகியதை நாஸெலி கேட்காதது போல இருந்துவிட்டாள்.

முதல் ஒரு மாசம் கஷ்டம்தான். வேலைக்கு நடுவில் மூன்று முறை ஓடினாள். மாரோ அவளுக்குக் கதவோரமாக இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்படியில் தானே உட்கார்ந்தாள். பழக்கம் விட்டுப்போனதால் முழங்கை வரை சுட்டுக்கொண்டாள். கேலிப் பேரை மட்டும் விடவில்லை.

இப்போது வார்துஷுக்கு நாற்பத்து நாலு வயது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, தவறாமல் மாத்திரை போடுகிறாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. புரதம் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது, முழுக்க நிற்கவில்லை. போன வருஷம் காய்ச்சல் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் ஒரே நாளில் போய்விட்டது. மூன்று மாசத்துக்கு ஒரு முறை பரிசோதனை.