நிலைச்சொல்லில் நின்ற ஒன்று

எண்பத்தெட்டில் யாழ்ப்பாணத்தில் ஒரு நீராய்வு அலுவலகத்தில் கணனி வேலை பார்த்தேன். அந்த வேலைக்கு நான் ஒருத்திதான், கணனியும் ஒன்றுதான். அதன் உள்ளே, பிரதான செயலிக்குப் பக்கத்தில், கணக்குக்கென்றே இன்னொரு சில்லு இருந்தது. இணைச்செயலி என்போம். தசமத்தோடு வருகிற பெரிய கணக்கெல்லாம் அதன் பொறுப்பு. அது கணக்கில் மூழ்கியிருக்கும்போதே பிரதான செயலி தன் அலுவலைப் பார்க்கும். ஒரு பெட்டிக்குள் இரண்டு மூளை! மூடியைக் கழற்றிவைத்து அந்தக் கறுப்புத் துண்டைப் பார்த்தபடியே மத்தியானச் சாப்பாட்டை முடித்த நாட்கள் உண்டு.

அந்தச் சில்லோடு கதைக்கும் டிரைவர் நிரலை நான்தான் எழுதி இயங்குதளத்தோடு சேர்த்திருந்தேன். கணக்கு முடிந்ததும் அது சில்லிடம் நிலைச்சொல்லைக் கேட்கும். நிலைச்சொல் என்பது கணக்கு எப்படிப் போனது என்று சில்லு குறித்துவைக்கும் பதினாறு பிட். ஒவ்வொரு பிட்டும் பூச்சியமாகவோ ஒன்றாகவோ நிற்கும். கடைசிப் பிட் ஒன்றாக நின்றால், எங்கோ ஒரு செல்லாத கணக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே என் டிரைவர், தந்த எண் பிழை என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு விடையைத் தராமல் நிறுத்திவிடும். அந்த வரியை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் கிணற்று நீரின் உப்பை அளந்தவர் உடுப்பிட்டி ஊரைச் சேர்ந்த அக்கா ஒருவர். முப்பத்தாறு கிணறுகளின் தண்ணீரைப் போத்தல்களில் எடுத்துவந்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறும் இடத்தைக் கண்ணால் பிடித்துக் கொப்பியில் எழுதுவார். அந்த எண்களை நான் கணனிக்குக் கொடுத்தேன். தந்த எண் பிழை. மறுநாளும் அதுதான். மூன்றாம் நாள் எங்கள் மேலதிகாரி பின்னால் வந்து நின்று பார்த்தார். அன்றும் அதே வரி.

"அளந்த இடத்திலைதான் பிழை," என்றார் அவர். "திரும்ப எடுங்கோ. ஏலாதெண்டால் வேறை ஆளிட்டைக் குடுப்பம்."

அக்கா என்னைப் பார்த்தார். "மெசின் பொய் சொல்லாது அக்கா," என்றேன் நான். இன்றும் அந்தச் சொல்லை நினைத்தால் கூசுகிறது.

"ஓம், திரும்ப எடுக்கிறன்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு கிழமை கழித்து வந்தார். முகம் கறுத்திருந்தது. வல்லை வெளியில் வழிமறித்துச் சோதிக்கும் சென்றியில் ஆமிக்காரர் போத்தல்களுக்குள் என்ன என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு குடித்துக்காட்டச் சொன்னார்களாம்.

"குடிச்சீங்களோ?"

"குடிக்காமல்? உப்புக் கிணறும் குடிச்சன், நல்ல தண்ணியும் குடிச்சன். மிச்சத் தண்ணி அளக்கப் போதும்."

புதிய எண்களைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடையில் ஒரு துளி மழையும் இல்லை. முப்பத்துமூன்று கிணறுகளில் இரண்டாம் தசமம் வரை அதே எண். கடலோரக் கிணறுகள் மூன்றில் மட்டும் உப்புச் சற்றுக் கூட. அந்த மூன்றுக்கும் எதிரே, காலையில் தோட்டத்துக்குப் பம்பு ஓடியது, கடல்நீர் உள்ளே இழுபட்டிருக்கும் என்று குறித்திருந்தார். நான் கொப்பியை மூடாமல் அப்படியே இருந்தேன். கண்ணையும் கையையும் வைத்து ஒரு மனுசியால் இப்படி அளக்க முடியுமா? இந்தக் கை பிழை செய்யாது. அப்படியென்றால் பிழை என்னுடையது.

அன்று முழுக்க டிரைவரைத் தோண்டினேன். நிலைச்சொல்லைப் பதினாறு இலக்கமாகத் திரையில் எழுதவைத்து, அக்காவின் முதல் எண் உள்ளே போவதற்கு முன்பே பார்த்தேன். கடைசிப் பிட்டில் ஒன்று. கணக்குத் தொடங்கவே இல்லை, குற்றம் ஏற்கெனவே பதிந்திருந்தது!

அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு காலையும் நான் முதலில் ஓட்டுவது மழைக் கணக்கு. மாத மழையை மழை பெய்த நாட்களால் பிரிக்கிற பழைய நிரல் அது. நிலைச்சொல்லைக் கேட்பதே இல்லை. மழையே இல்லாத மாதத்தில் அது பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரித்தது. சில்லு அதைச் செல்லாத கணக்கென்று குறித்துக்கொண்டது. அழி என்று ஒருவர் சொல்லும்வரை அந்தக் குறியை அது விடாது. நான் சொல்லவே இல்லை. மழையின் குற்றத்தை மூன்று நாளும் அக்காவின் தலையில் போட்டது என் டிரைவர்.

எனக்கு வெட்கத்தை விட வியப்பே பெரிதாக இருந்தது. விரலளவு சில்லு, கேட்பாரில்லாமல், நடந்ததை அப்படியே பிடித்துவைத்திருந்திருக்கிறது. அது பொய் சொல்லவில்லை. யாருடைய கணக்கில் வந்த பிழை என்று பார்க்காமல் விட்டது நான்தான்.

முதலில் மேலதிகாரியிடம் சொன்னேன். பிறகு ஆய்வுகூடத்துக்குப் போனேன். அக்கா போத்தல் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்கடை எண் ஒண்டும் பிழையில்லை. மழைக் கணக்கிலை விழுந்த பிழைக்குறியை அழிக்காமல் விட்ட என்ரை நிரல்தான் பிழை. என்னாலை நீங்கள் அந்தத் தண்ணியெல்லாம் குடிக்க வேண்டி வந்திட்டுது."

அவர் கையைத் துடைத்தார். "ஒரு கிழமையா என்ரை கண்ணிலைதான் கோளாறு எண்டு நினைச்சன் தங்கச்சி. கண் டொக்டரிட்டைப் போகவும் நாள் பாத்திட்டன்," என்றார். பிறகு, "உந்தக் குறியை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ," என்றார்.

கணனிக்கு முன்னால் அவரை இருத்தி, பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரிக்கச் சொன்னேன். கடைசி இலக்கம் ஒன்றானது. அதன்பிறகு இரண்டும் இரண்டும் கூட்டச் சொன்னேன். விடை சரியாக நான்கு. ஒன்று அப்படியே நின்றது. அழிக்கும் கட்டளையைக் கொடுத்ததும் பூச்சியமானது. அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து, "இன்னொருக்கா," என்றார். நாலைந்து தரம் தானே செய்து பார்த்தார்.

அதன்பின் அவருடைய எண்களைக் கொடுத்தோம். திரையில் பிழை வரவில்லை. அச்சு இயந்திரம் இரைந்துகொண்டு முப்பத்தாறு வரிகளையும் தள்ளியது. கரையோரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கிணறு குடிக்கக்கூடாத அளவுக்கு உப்பேறியிருந்ததை அந்தத் தாள்தான் காட்டியது. அக்கா அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விடுவதற்குள் அதிபரைப் பிடிக்க வேண்டுமென்று சைக்கிளை எடுத்தார்.