அந்த வரியை நான் அடிக்கவில்லை

இல்லை, அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்டவில்லை. கதிர் அண்ணனை நன்றாகத் தெரிந்தவர்களே இந்தக் குரூப்பில் இதைக் கேட்கிறீர்கள். அதனால் பதிலை முதலில் சொல்லிவிட்டேன். மீதியைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அவர் இறந்த செய்தி எனக்கு ஆர்டராகத்தான் வந்தது. ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் ஒரு மாடியில் எங்கள் ஃபிளெக்ஸ் கடை. நான் டிசைன் செய்கிறேன், அவர் மெஷின் ஓட்டுவார். அன்று காலை அவர் இன்னும் வந்திருக்கவில்லை. கடை வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது, கீழே "கண்ணீர் அஞ்சலி, பத்துக்கு எட்டு, அவசரம்" என்று இருந்தது. அனுப்பியவன் மண்ணச்சநல்லூரில் அவர் தெருப் பையன், அவரே கடைக்குப் பிடித்துக் கொடுத்த கஸ்டமர். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தது கதிர் அண்ணன். மெஷின் ஓட்ட ஆள் இல்லை. அந்த பேனரை நானே ஓட்டினேன். முகத்தில் கோடு விழுந்தது. மெஷின் ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

நான் இந்தக் கடைக்கு வந்த புதிது. இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு யாரிடமும் பேசப் பிடிக்காமல் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது வெளிநாட்டு ராக் ஆல்பம். அவர் வந்து ஒரு பக்கத்தைப் பிடுங்கித் தன் இடது காதில் வைத்துக்கொண்டார்.

"என்ன இன்ஜினியரு, உள்ள ரைஸ் மில்லு ஓடுது?"

"கிடார்ண்ணே."

"கிடாரா? எங்க ஊரு மில்லுல பெல்ட்டு அறுந்தா இப்படித்தான் இருக்கும். இரு, எடுக்காத."

கடைசிப் பாட்டு வரை நின்றே கேட்டார். அன்றிலிருந்து அந்த ஆல்பத்துக்குப் பெயர் 'மில்லு'. இங்கிலீஷ் பெயர் எதையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார். பாலத்தில் ரயில் ஏறியது போலத் தொடங்கும் ஒன்றுக்கு 'பாலம்', பாடுகிறவனே இல்லாமல் கிடார் மட்டும் போய்க்கொண்டிருக்கும் ஒன்றுக்கு 'வெயிலு'. இந்த மூன்றுதான் அவருக்கு உயிர். நான் புதிதாக எதைப் போட்டாலும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. பாலத்தப் போடு" என்பார்.

எப்போதும் இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு. ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் சொன்னார். சின்ன வயதுக் காய்ச்சலில் வலது காது போய்விட்டது. 'பாலம்' ஆல்பத்தில் ஆளுக்கொரு பக்கம் இரண்டு கிடார்கள் மோதிக்கொள்ளும். அவருக்குக் கேட்பது ஒன்றுதான். அதனால் கேட்டுக்கொண்டே இருப்பார்.

"அந்தப் பக்கம் என்ன நடக்குது?"

"இன்னொருத்தன் வந்துட்டான். உங்காள மேல போக விட மாட்டேங்கறான்."

"யாரு ஜெயிக்கிறா?"

"உங்காளுதான்."

"பொய் சொல்லாத."

"சரி, இவன்தான்."

"அப்படிச் சொல்லு."

போனில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் செட்டிங் இருப்பதைக் கண்டுபிடித்து ஒருநாள் போட்டுக் காட்டினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. ஒரு பாட்டு கேட்டார், கழற்றினார். "வேணாம்டா. டவுன் பஸ்ல ஒரே சீட்டுல ரெண்டு பேர நெருக்கி உக்கார வெச்ச மாதிரி இருக்கு. நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

வண்டியில் ஏறினால் காதில் எதுவும் வைக்க மாட்டார். எனக்கே அதற்காக ஒரு தடவை பளாரென்று விழுந்திருக்கிறது. "எனக்கு இருக்கறது ஒண்ணு. அது ரோட்டுக்கு. உனக்கு ரெண்டு இருக்குன்னு திமிரா?"

அப்படியானால் விபத்து நடந்த இடத்தில் எடுத்த அவர் போனில் ஆல்பத்தின் கிடார் படம் எப்படி நின்றது என்கிறீர்கள். ஆல்பத்தைப் பாதியில் மாற்றக் கூடாது என்பது அவர் சட்டம். சாயங்காலம் கடை மூடும்போது எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கேயே நிறுத்திவைத்து, மறுநாள் அங்கிருந்து தொடங்குவார். அந்தக் கடைசிச் சாயங்காலமும் 'பாலம்' பாதியில் நின்றிருந்தது. ஒயர் கடையிலேயே மெஷின் பக்கத்து ஆணியில் தொங்கியது. வீட்டுக்குப் போகும் வழியில் டோல்கேட் தாண்டி ஒரு வேன், பஸ்ஸை முந்துவதற்காக அவர் பக்கம் ஏறி வந்தது. நான்கு காது இருந்தாலும் தப்பியிருக்க முடியாது.

நேற்று மத்தியானம் அவர் மச்சான் முருகேசன் அண்ணன் கடைக்கு வந்தார். பதினாறாம் நாள் பேனர்.

"படத்துக்குக் கீழ செவப்புல போடு தம்பி. 'காதில் பாட்டு, ரோட்டில் சாவு'ன்னு."

"அவர் பாட்டுக் கேக்கலண்ணே. நிறுத்தி வெச்சிருந்தாரு."

"நீ கூடப் போனியா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? என் பையனும் மாட்டிக்கிட்டுத்தான் வண்டி ஓட்டறான். நான் சொன்னாக் கேக்கறானா? அவன் மாமன் மூஞ்சிக்குக் கீழ படிச்சாலாவது பயப்படுவான். நாளைக்கு வருவேன். அடிச்சு வை."

காது விஷயத்தை அப்போதே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. பெண் பார்க்கப் போனபோது மச்சான் பக்கம் இடது காது வரும்படி இடம் பார்த்து உட்கார்ந்த மனுஷன் அவர். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பழியைத் துடைக்கப் போய், குறையை மறைத்துப் பெண் கட்டினான் என்று இன்னொன்றை நான் ஏற்ற முடியாது. இன்று காலையில் அவர் மனைவி செல்வி அண்ணிக்குப் போன் செய்தேன்.

"கல்யாணமான வாரமே எனக்குத் தெரியும் தம்பி. நான் பேசுனது அவருக்குக் கேக்கல. எந்திரிச்சு அந்தப் பக்கம் போய்ப் படுத்தேன். அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல."

"இப்ப முருகேசன் அண்ணன்கிட்டச் சொல்லலாமா?"

"சொல்லு. எல்லாருக்கும் சொல்லு. எங்கண்ணன் கத்துவாரு, எங்கிட்டயே கத்தட்டும். ஆனா அந்த எழுத்துக்கு மேல அவர் மூஞ்சிய வெச்சு எங்க தெருவுல கட்டாத. நான் தெனம் அந்த வழியாத்தான் போகணும்."

அதனால்தான் இங்கே எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மூன்று ஆல்பங்களும் என் போனில் இருக்கின்றன. இடது பக்கத்தை இன்னும் நான் காதில் வைக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, எதிராளிக்குப் பிடிக்காவிட்டாலும் கேட்டதைக் கேட்டபடி சொல்வது.

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. முருகேசன் அண்ணன்தான். பேனர் மேஜை மேல் விரித்திருக்கிறது. படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. நான் போகணும்.