அத்தா சொன்ன மூன்று சம்மதங்கள்

கண்ணாடி கிளாஸ் நிறையத் தேநீர். அத்தா அதை இரண்டு விரலால் தூக்கி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோன காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எங்கள் வீடுகளில் தகப்பனாரை அத்தா என்றுதான் அழைப்போம். ஏழு வருடமாக நடுக்குவாதம் அவரை உலுக்கி எடுத்திருந்தது. மருந்துக்கு அடங்காமல் போனபின், மதுரையில் மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் சின்னக் கருவி ஒன்றைப் பதித்துக் கரண்ட் ஓடவிட்டார்கள். கை நின்றுவிட்டது. நானும் தங்கச்சியும் அடுப்படியில் கட்டிப்பிடித்து அழுதோம். எங்கள் ஊர் கோட்டைப்பட்டினமே வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.

கரண்டைக் கூட்டக் கூட்ட, மாறியது கை மட்டுமில்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அத்தா ஒரு குடை வாங்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்கி, "மழதான் விட்ருச்சே" என்று வெறுங்கையோடு திரும்பும் ஆள். கருவாட்டு வியாபாரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எதிராளிக்கு உயிர் போய்விடும். அந்த மனிதர் எதற்கெடுத்தாலும் "சரி" என்றார். ஆடு விற்க வந்தவனிடம் சரி. அறந்தாங்கி பஸ்ஸில் வந்த அத்தனை பேரையும் பிரியாணிக்கு அழைத்துவிட்டார், அவர்களும் வந்துவிட்டார்கள்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு உலை வைத்தேன். "மறு உசுரு கெடச்ச மனுசன், சந்தோசமா இருக்காரு, விடும்மா" என்றது ஊர். நானும் விட்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு என்னை எதால் அடிப்பது?

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு கல்யாணம். நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் எதிரே உட்கார்ந்தவர், "ஒங்க சின்ன மவள எம்மவனுக்குத் தாரீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சோற்றில் கையை வைத்தபடியே அத்தா, "சரி". அங்கேயே ஃபாத்திஹாவும் ஓதி நிச்சயத்தை முடித்துவிட்டார்கள். தங்கச்சி அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். அடுத்த வாரமே வேறொருவர் கேட்க, அவருக்கும் "சரி". ஒரே வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, இரண்டு குடும்பங்கள் இனிப்புத் தட்டோடு எங்கள் வாசலில் நின்றன. அத்தா சிரித்த முகமாக இருவரையும் "வாங்க வாங்க" என்றார்.

இரண்டாவது வீட்டார் காறித் துப்பாத குறையாகப் போனார்கள். முதல் வீட்டார் அசையவில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு ஓடினேன்.

"அது எங்கத்தா சொன்னதில்லங்க. நெஞ்சுக்குள்ள இருக்குற மிஷின் சொன்னது!"

தலைவர் பொறுமையாகத்தான் பேசினார். "கை ஆடயில சொல்லியிருந்தா சீக்குன்னு விட்ரலாம்மா. இப்பக் கல்லு மாதிரி நிக்கிறாருல்ல? மொத வாக்கு நிக்கும்."

ஆடுகிற கைதான் அவர்களுக்கு நோய். ஆடாத கைக்கு என்ன விளக்கம் சொல்வேன்? நாள் குறித்தாகிவிட்டது. தங்கச்சி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அத்தா கை நிக்கணும்னு நாந்தானேக்கா நோன்பு வச்சேன்." எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

மறுநாளே அத்தாவை மதுரைக்கு இழுத்துப் போனேன். கம்பிகளால் இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டரம்மா. கரண்டைக் குறைத்தால் இந்த வேகம் அடங்கும், ஆனால் கை பழையபடி ஆடலாம் என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அத்தா சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டிவிட்டார். "சரி, கொறச்சிருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "யோசிச்சு ஒரு வாரம் கழிச்சு வாங்களேன்."

"வேணாம் டாக்டர். அவரே சரின்னுட்டாரு" என்றேன்.

பத்து நாளில் அத்தாவுக்குப் பழைய நிதானம் வந்தது, நடுக்கமும் வந்தது. அவரே ஜமாஅத்தில் போய், "வெளங்காமச் சொல்லிட்டேன், எம்புள்ள படிக்கட்டும்" என்றார். அவர் கை ஆடிய ஆட்டத்தைப் பார்த்து யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாணம் நின்றது. அதன்பிறகு எத்தனையோ முறை கரண்டைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள், மருந்தை மாற்றினார்கள். கை நிற்கும் அளவுக்கு வைத்தால் மனசு பறக்கிறது. மனசு நிற்கும் அளவுக்கு வைத்தால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை.

தங்கச்சி இப்போது திருச்சியில் வேலை பார்க்கிறாள். அத்தாவுக்கு மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். போன வாரம் கஞ்சி ஊட்டும்போது கையை விலக்கிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்து, யோசித்து, பிறகு கேட்டார்.

"கல்யாணத்துக்குச் சரின்னது நானில்லன்னு ஊரெல்லாம் சொன்னீல்ல. அன்னைக்கு ஆஸ்பத்திரியில சரின்னது யாரும்மா?"

"நீங்கதான் அத்தா" என்று பொய் சொன்னேன்.