கரண்ட் போனால் தண்ணீர் வரும் தெரு

போன மாதம் ஒரு நாள் காலை ஆறே காலுக்கு எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. ஆளாளுக்கு மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கடைசி வீட்டிலிருந்து ஸ்டெல்லாவின் குரல்.

"சார்... எங்க வீட்ல தண்ணி வருது சார்!"

போய்ப் பார்த்தேன். எப்போதும் நூலாகச் சொட்டும் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் கழித்து கரண்ட் வந்தது. தண்ணீர் நின்றது.

இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? பேரூராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். ஒரு வீட்டில் இல்லை... எட்டு வீட்டில்!

ஸ்டெல்லா கும்பகோணத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலை பார்க்கிறார். கணவர் ஆரோக்கியசாமி பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருடமாகிறது. காலையில் அவரைத் துடைத்துவிட்டு, படுக்கை விரிப்பை அலசிப் போட்டு, ஏழரை டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவில் அடுத்த தெரு அடிபம்பிலிருந்து இடுப்பில் குடம் குடமாகத் தண்ணீர். வாசலில் குழாய் இருக்கும்போதே!

அவருடைய தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? நடராஜன் சார் வீட்டு மாடித் தோட்டத்துக்கு.

நடராஜன் சார் ரிட்டயர்டு அதிகாரி. என் வாக்கிங் கூட்டாளி. ஆற்றில் தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராட்டம் நடந்தபோது பந்தலில் மைக் பிடித்தவர். "மேல இருக்கிறவன் மடக்கி வச்சுக்கிட்டா கடைமடைக்காரன் என்னய்யா பண்ணுவான்?" என்று அவர் முழங்கியபோது நானும்தான் கைதட்டினேன்.

ஸ்டெல்லா பேரூராட்சி ஆபீசில் மனு கொடுத்தார். எட்டு வீட்டையும் குறிப்பிட்டு.

ஒரு வாரம் கழித்து இரண்டு ஊழியர்கள் வந்தார்கள். வருகிற தகவல் அவர்களுக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்துவிட்டது. ஆறு வீட்டில் மோட்டார் மாயம். ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் தையல்காரர் முருகேசனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவருடைய சின்ன மோட்டாரைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நடராஜன் சார் வீட்டு கேட்டை ஒரு தட்டுகூடத் தட்டவில்லை.

ஸ்டெல்லா வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

"இவர் மோட்டார எடுத்தது சரி. அந்த வீட்டையும் பாருங்க."

"பெரியவங்க வீடும்மா... நாங்க எப்படி உள்ள போறது?"

"எங்க வீட்டுக்கு வர்ற தண்ணிய எடுக்கும்போது அவங்க கேட்டுட்டா எடுத்தாங்க?"

நடராஜன் சார் வெளியே வந்தார். "யார் வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போடுற, தெரியுதா?"

"தெரியுது சார். பந்தல்ல பேசினீங்களே, கேட்டேன். எங்க வீடும் கடைமடைதான் சார்."

ஸ்டெல்லாவின் குரல் உயரவே இல்லை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நடராஜன் சார் முகம் கறுத்துப் போனது. வேறு வழியில்லாமல் கேட்டைத் திறந்தார். செடித் தொட்டிகளுக்குப் பின்னால் மோட்டார் ஒன்றல்ல, இரண்டு!

இரண்டையும் கழற்றினார்கள். மறுநாளிலிருந்து ஸ்டெல்லா வீட்டில் தண்ணீர். ஆரோக்கியசாமியைத் தலைக்குக் குளிப்பாட்டியதாகச் சொன்னார். சொல்லும்போது சிரித்தார்.

ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் குழாய் மறுபடி நூலானது. புது மோட்டார், இந்த முறை சத்தமே வராத ரகமாம்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாக்கிங்கில் நடராஜன் சாரிடம் நேராகவே கேட்டேன். "எல்லாரும் போடுறாங்க சார், நான் மட்டும் எடுத்தா சரியாயிடுமா?" என்றார். நான் பாதியிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா அன்று மாலையே அடுத்த மனுவை எழுதினார். கேட்டு வாங்கி நானும் கையெழுத்துப் போட்டேன். முதல் மனுவில் ஏன் போடவில்லை என்கிறீர்களா? அப்போதும் கேட்டார்தான். பழகின மனுஷராச்சே என்று நான்தான் நழுவிவிட்டேன்.

திருட்டு மோட்டாருக்கு லைசென்ஸ் கொடுப்பது எந்த ஆபீசும் இல்லை... நம்முடைய தாட்சண்யம்தான்!