நூற்றெண்பது காட்டிய அடுப்பு

பத்ரா சாப் பொய் சொல்கிறார். கழுத்தில் மாலையோடு மேடையில் நின்று, மைக் பிடித்துச் சொல்கிறார்.

நேற்று ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்க நின்றிருந்தேன். கொட்டை கொஞ்சம் தீய்ந்துவிட்டது போல. கடை முழுக்க அந்த வாசனை. அந்த நேரம் பார்த்து பழைய கம்பெனிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ. எங்கள் மேனேஜராக இருந்த பத்ராவுக்குப் பாராட்டு விழா. "ஒரு மதராசி அடுப்பைப் போட்டுவிட்டுத் தூங்கினான், ஒரு லாட் மொத்தமும் கரி" என்று இந்தியில் சொல்லிச் சிரிக்கிறார். குழுவில் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

அந்த மதராசிக்குப் பெயர் உண்டு. தண்டபாணி. கள்ளக்குறிச்சிப் பக்கம். ஓக்லா தொழிற்பேட்டையில் எங்கள் ஷெட்டில் மின்விசிறி இறக்கைகளுக்கு வெள்ளைப் பெயின்ட் பொடி அடித்து அடுப்பில் நூற்றெண்பது டிகிரியில் சுடுவோம். அடுப்பு அவர் பொறுப்பு. நான் எலக்ட்ரீஷியன். முனிர்காவில் ஜன்னல் இல்லாத அறையில் குடியிருந்தேன். என் அறையைவிட அந்த அடுப்புக்குக் காற்றோட்டம் அதிகம். ஜனவரிக் குளிரில் எல்லோரும் அடுப்போரம் ஒதுங்குவோம். "சும்மா குளிர் காயறீங்களா? ஆளுக்கு ஒரு பாட்டு பாடிட்டு நில்லுங்கடா" என்பார் அண்ணன். நான் பாடியதும், "நீ குளிர்லயே நில்லு தம்பி" என்றார்.

பத்ரா சாப்புக்குத் திடீரென்று நவீனம் பிடித்துக்கொண்டது. தொடாமலே சூடு பார்க்கும் அகச்சிவப்பு சென்சார் வாங்கினார். முந்நூறு டிகிரி வரை பார்ப்பது போதும். ஐந்நூறு வாங்கினார். பெரிதாக இருந்தால் கௌரவமாம். விஸ்வகர்மா பூஜைக்கு முதலாளி சேட் வருவதற்குள் மாட்டியாக வேண்டும் என்று குதித்தார். மாட்டினேன்.

சென்சார் சூட்டைக் கரண்டாக மாற்றி அனுப்பும். கன்ட்ரோலர் அதைத் திரும்ப டிகிரியாகப் படிக்கும். புது சென்சார் முழுக் கரண்ட் அனுப்பினால் ஐந்நூறு என்று அர்த்தம். கன்ட்ரோலரோ பழையபடி அதை முந்நூறு என்று படிக்கும். அதாவது உள்ளே முந்நூறு கொதித்தாலும் வெளியே நூற்றெண்பதுதான் காட்டும். "ரேஞ்ச் மாத்தணும் சாப், கோட் சொல்லுங்க" என்றேன். அந்த ரகசிய எண் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ரெண்டு ஒயர், ரெண்டு ஓட்டை. பொருந்திடுச்சு இல்ல? போ."

அதற்குள் கன்ட்ரோலர் இருந்த பேனலுக்குக் குங்குமம் வைத்துச் சாமந்தி மாலை போட்டாகிவிட்டது. பூஜை மாலை வாடும்வரை பேனலில் ஸ்க்ரூடிரைவர் படக்கூடாது என்பது எங்கள் ஷெட்டின் சட்டம். இயற்றியவர் பத்ரா சாப்.

மறுநாள் காலை, சேட் முன்னால் முதல் லாட். "தம்பி, டிஸ்ப்ளே நூத்தியெம்பதுங்குது. என் மீசை கருகுது. எத நம்பறது?" என்றார் அண்ணன். "அணைச்சிடுங்கண்ணே" என்றேன். கையை நீட்டினார். பத்ரா சாப் குறுக்கே வந்து தடுத்தார். "நம்பர் சரியாத்தானே இருக்கு? சலாவோ, ஓட்டு."

வெள்ளை இறக்கைகள் கரிந்து புகையோடு வெளியே வந்தன. சேட் திரும்பிப் பார்த்தார். "தூங்கிட்டான்" என்றார் பத்ரா, அண்ணனைக் காட்டி.

"அந்தச் சூட்டுல தூங்க நான் என்ன பொணமா?" அண்ணன் தமிழில் கேட்டார். நான் இந்தியில் நடந்ததையெல்லாம் சொன்னேன். சேட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அண்ணனை அனுப்பிவிட்டார்கள். தூங்குகிறவன் என்ற பெயர் அவருக்கு முன்னால் ஓக்லா முழுக்க நடந்துபோனது. வேறெந்த அடுப்பும் அவரைச் சேர்க்கவில்லை. ஊருக்கு ரயில் ஏறினார். அவர் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. ஷெட்டும் இல்லை. அங்கே கல்யாண மண்டபம் வந்துவிட்டது. வாசலில் அதே சாமந்தி.

பத்ரா சாப், நீங்களும் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள். இதை இந்தியிலும் போடுகிறேன். தண்டபாணி தூங்கினார் என்றால், அவரை அனுப்பிய மறுநாள் காலையில், மாலை வாடும் முன்பே அதை நீங்களே விலக்கி, பேனலைத் திறந்து, கோட் போட்டு எதை மாற்றினீர்கள்? எனக்குத் தனியாகப் போன் செய்யாதீர்கள். சிரித்தவர்கள் எல்லோரும் படிக்க, அங்கேயே பதில் எழுதுங்கள்.