வேப்பங்கட்டையில் போட்ட துளை

வெள்ளாங்குளத்தில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் தண்ணீர்ப் பம்பின் கப்பியைக் கொண்டுவந்து என் முற்றத்தில் வைத்தார். "அண்ணை, நீங்கள் போட்ட துளை கோணல். பம்பு நிண்டு ஆடுது," என்றார். என் மெசின் கோணலாகத் துளைத்ததா? எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவர் வாசல் படலையைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மன்னார்த் தீவில், என் வீட்டுப் பின் கொட்டிலில் நிற்கும் அந்தத் துளைமெசினுக்கு என்னைவிட வயது கூட. பழைய இரும்பு வாங்குபவரிடம் எடுத்தது. படகு எஞ்சினுக்குத் தட்டு, கதவுக்குப் பிணைச்சல் என்று ஊரில் பாதிப் பேருக்கு அதில் துளை போட்டுக் கொடுத்திருக்கிறேன். துளைக்கும் பொருளை வைக்கிற இரும்பு மேசைக்குக் கீழே கோடு கோடாக ஓர் அளவு இருக்கும். முள் பூச்சியத்தில் நின்றால் மேசை மட்டம் என்று அர்த்தம். என் மெசினில் அது எப்போதும் பூச்சியத்தில்தான் நின்றது. அதை வேதவாக்காக நம்பியிருந்தேன்.

மறுநாள் காலை ஒரு கம்பியை வளைத்து, துளையூசி பூட்டும் இடத்தில் இறுக்கி, அதன் நுனி மேசையை உரசும்படி வைத்துக் கையால் சுற்றினேன். இடது பக்கம் நுனி மேசையைக் கீறியது. வலது பக்கம் வந்தபோது நுனிக்கும் மேசைக்கும் நடுவே ஒரு பென்சில் புகுந்தது. என் கண்ணை நம்பாமல் மூன்று தரம் சுற்றிப் பார்த்தேன். மேசையைக் கழற்றிய பிறகுதான் விளங்கியது, அது வேறு ஏதோ மெசினின் மேசை. எனக்கு முன்னே எவரோ கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார். அந்தப் பூச்சியத்துக்கும் இந்த மெசினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். துளையூசியைச் சுழற்றும் தண்டின் ஆட்டத்துக்குப் புதிய பெயாரிங் போட்டேன். மேசையைச் சரித்து இறுக்கி, மிச்சக் கோணலுக்கு மீன் அடைத்துவந்த வெறும் ரின்னை வெட்டித் தகடு தகடாக அடியில் கொடுத்தேன். கடைசியில் கம்பி நான்கு பக்கமும் ஒரே மாதிரித் தொட்டது. கடதாசித் துண்டுகூட இடையில் போகவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம், புளுகம்.

யாரிடமாவது காட்ட வேண்டுமே. செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் ஓடினேன். மனைவி வாசலில் சின்னக் கதிரையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். யுத்தத்தின் கடைசி வருடத்தில் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே வலது காலை இழந்தவள். பொய்க்காலைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தாள்.

"இந்த மெசின் முந்தி எவ்வளவு கோணலாத் துளைச்சிருக்கு எண்டு காட்டுறன். பழைய துண்டு ஏதும் கிடக்கோ?"

"என்ர கால் இருக்குத்தானே. அதைப் பாருங்கோ," என்று சிரித்தாள்.

நானும் சிரித்தபடியே எடுத்தேன். நான்கு வருடத்துக்கு முன், அந்தக் காலின் பாதத்துக்கும் குழாய்க்கும் நடுவே இருந்த கட்டை வெடித்துவிட்டது. ஒரு கட்டைக்காக அங்கே இங்கே அலைவதா என்று, வேம்பில் நானே ஒன்று செய்து, இந்த மெசினில் துளைத்துப் பூட்டிக் கொடுத்தேன். இப்போது சீமெந்துத் தரையில் பாதம் முழுதாகப் பதிய நிறுத்தி, குழாயோடு மூலைமட்டத்தை வைத்தேன். மேல் நுனியில் என் சின்னவிரல் போகிற அளவுக்கு இடைவெளி.

மட்டம்தான் பிழையோ என்று திருப்பி வைத்தேன். அதே இடைவெளி. அவளுடைய வலது செருப்பு மட்டும் வெளிப்பக்கமாகத் தேய்கிறது என்று கடைக்காரரோடு இரண்டு தரம் சண்டை பிடித்தவன் நான். "வெளிப்பக்கம் இழுக்குது," என்று அவள் சொன்னபோது, "மணலில நடந்தா அப்பிடித்தான்," என்றேன். இடுப்பு நோகிறது என்றபோது, உடம்பு வைத்துவிட்டது என்று பகிடி பண்ணினேன். போன வருடம் டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அது பழையபடி வராது என்றார். கருவாட்டு வாடி வேலையை விட்டாள். கோயிலுக்கு நடந்து போவதையும் விட்டாள். எல்லாம் நான் போட்ட ஒரு துளையால்.

அன்றைக்கே புதுக் கட்டை வெட்டித் துளைத்தேன். மட்டத்தை மூன்று பக்கமும் வைத்துப் பார்த்த பிறகே பூட்டினேன். அவள் படலை வரைக்கும் நடந்து திரும்பி வந்தாள். முற்றத்து மணலில் வலது பாதம் முழுதாகப் பதிந்திருந்தது.

"எப்பிடி?"

"கால் சுகமா இருக்கு."

"இடுப்பு?"

"அது நோகுது."

எனக்குத் தாங்க முடியவில்லை. என்மேல் வந்த ஆத்திரத்தில் அவள்மேல் பாய்ந்தேன். "மெல்லமாச் சொன்னா இந்த மண்டைக்குள்ள ஏறுமே? நாலு வருசத்தில ஒருக்காலாவது கத்தியிருக்கலாமே!"

அவள் கதிரையின் கையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

"கத்தினனான். நீங்கள் மெசினை ஓடவிட்டிட்டு அந்தச் சத்தத்துக்குள்ள நிண்டனீங்கள்."